மூணு பேர், லெவல் 1, ஹீலர் கிடையாது: இந்த சாகசம் தாங்குமா?

மூணாம்பகடை

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் ஆட்டக்காரனா மட்டும்தான் உட்கார்ந்திருக்கேன். வர்ற வாரக்கடைசியில முதல் தடவையா டிஎம் (கதையை நடத்துறவர்) வேலை என் தலையில. ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையில உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடுறது; 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். ஆடுறவங்க மூணே பேர்: ஒரு ரோக் (பதுங்கிப் போற திருடன்), ஒரு விஸார்ட் (மந்திரவாதி), ஒரு ரேஞ்சர் (காட்டு வீரன்). எல்லாருமே லெவல் 1, அதாவது ஆரம்பப் படி. யாராச்சும் கிளெரிக் (குணப்படுத்துற பூசாரி, அதாவது ஹீலர்) எடுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், ஒருத்தரும் மசியலை.

கதை எளிமைதான். ஒரு சுரங்க ஊர். உள்ளே வேலைக்குப் போனவங்க ரெண்டு நாளா திரும்பலை. வாசல்ல நாலு கோப்ளின் (குட்டிப் பூதம்), நடுவுல ஒரு பூட்டின கதவு, கடைசியில ஒரு ஓகர் (பெரிய ராட்சசன்). மூணு மணி நேரத்துல முடிஞ்சாகணும்.

நாலு பேர் ஆடுவாங்கன்னு நெனச்சு எழுதினது இது. இப்ப ஒரு கோப்ளினைக் குறைச்சா சரியாயிடுமா? இல்ல, நானே ஒரு கிளெரிக் என்பிசியை (டிஎம் ஓட்டுற கேரக்டர்) அவங்க கூட அனுப்பவா?

குகைக்காவல்

ஒண்ணைக் குறைச்சாலும் போதாது. கணக்கைப் பாருங்க.

2014 விதியில சண்டை எவ்வளவு கஷ்டம்னு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வெச்சு அளக்கறாங்க. லெவல் 1 கேரக்டர் ஒருத்தருக்கு ஈஸி 25, மீடியம் 50, ஹார்டு 75, டெட்லி 100 எக்ஸ்பி. மூணு பேருக்கு மீடியம் 150, டெட்லி 300. கோப்ளின் ஒண்ணு 50 எக்ஸ்பி. ரெண்டு கோப்ளின்னா 100, கூட்டத்துக்கான பெருக்கல் ஒன்றரை, ஆக 150. சரியா மீடியம். மூணாவதைச் சேர்த்தீங்கன்னா 150, பெருக்கல் ரெண்டா மாறுது, ஆக 300. நேரா டெட்லி. நடுவுல ஹார்டுன்னு ஒரு படியே இல்லை. ஒரே ஒரு கோப்ளின் மீடியத்தை டெட்லி ஆக்கிடும். நாலு கோப்ளின்னா 400, பேசவே வேண்டாம். (2024 திருத்தத்துல இந்தப் பெருக்கலையே எடுத்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கிறது பழைய புத்தகம்ங்கிறதால சொல்றேன்.)

கோப்ளினோட அடி +4 (20 முகப் பகடையோட கூட்டணும்), டேமேஜ் 1டி6+2 (ஒரு 6 முகப் பகடை, அதோட 2). உங்க விஸார்டுக்கு ஏசி (அடி படத் தேவையான எண்) 12, எச்பி (உயிர்ப் புள்ளி) 8ன்னு வெச்சுக்கலாம். 8ஓ அதுக்கு மேலயோ விழுந்தா பட்டுடும், அதாவது 65 சதவீதம். சராசரி டேமேஜ் 5.5. ரெண்டு அடி பட்டா விஸார்ட் தரையில. மூணு பேர் இருக்கிற குழுவுல ஒருத்தர் விழுந்தா மூணுல ஒரு பங்கு பலம் போச்சு, அவரைத் தூக்கப் போற இன்னொருத்தரோட ஆக்‌ஷனும் போச்சு. சின்னக் குழு சரியிறது இப்படித்தான். மெல்ல மெல்ல இறங்காது, ஒரே ரவுண்டுல கவிழ்ந்துடும்.

ஓகர் இன்னும் மோசம். 450 எக்ஸ்பி, அடி 2டி8+4. 8 எச்பி விஸார்ட் முழு ஆரோக்கியமா நிக்கும்போதே 16 டேமேஜ் வந்தா டெத் சேவ் (பிழைக்க உருட்டுற வாய்ப்பு) கூட கிடையாது, அந்த இடத்துலேயே முடிஞ்சுது. 2டி8ல 12ஓ அதுக்கு மேலயோ விழ 64க்கு 15 வழி இருக்கு. அதாவது பட்ட அடி நாலுல ஒண்ணு விஸார்டைச் சாகடிக்கும்.

என் யோசனை: வாசல்ல ரெண்டு கோப்ளின். கதவுக்கு அப்புறம், ஓகருக்கு முன்னாடி, லெவல் 2 கொடுத்துடுங்க. மூணு லெவல் 2 ஆட்களுக்கு ஹார்டு வரம்பு சரியா 450. ஓகர் அதுல கச்சிதமா உட்காருது. ரேஞ்சருக்கு லெவல் 2ல மந்திரம் வரும், க்யூர் வூண்ட்ஸ் (காயம் ஆத்துற மந்திரம்) எடுக்கச் சொல்லுங்க. ஹீலர் பிரச்சினை பாதி தீர்ந்தது. லெவல் 2 தாளை முன்கூட்டியே எழுதி ஷீட்டுக்குப் பின்னாடி வெச்சுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா அரை மணி நேரம் புத்தகம் புரட்டுறதுலயே போயிடும்.

ஒத்தப்படை

கிளெரிக் என்பிசி வேண்டவே வேண்டாம். நான் ஆட்டக்காரனா இந்த அவஸ்தையைப் பட்டவன். டிஎம் ஓட்டுற கிளெரிக் எங்க கூட வந்தார். கதவு பூட்டியிருந்தா அவருக்கு ஒரு யோசனை வரும். சண்டையில சரியான நேரத்துக்கு சரியான மந்திரம் போடுவார். கடைசியில டிஎம் தன்னோடவே பேசிக்கிட்டிருந்தார், நாங்க மூணு பேரும் வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தோம்.

ஹீலர் இல்லைன்னா ஹீலர் இல்லாத குழுவாவே ஆடட்டும். ஊர்த்தலைவர் கையில ஆளுக்கு ஒரு ஹீலிங் போஷன் (காயம் ஆத்துற மருந்து) கொடுத்து அனுப்புங்க. 2டி4+2, சராசரி 7. லெவல் 1ல அது கிட்டத்தட்ட முழு எச்பி. ஒரு ஹீலர்ஸ் கிட்டும் சேர்த்துக் கொடுங்க. பத்து தடவை உபயோகிக்கலாம், பகடையே உருட்டாம விழுந்தவனை ஸ்டேபிள் பண்ணிடலாம், அதாவது சாகாம நிறுத்திடலாம். கிளெரிக் கதை முடிஞ்சுது.

எண்ணெய்விளக்கு

ஒத்தப்படை சொல்றதுல பாதி சரி. கிளெரிக்கை அனுப்புறதுல தப்பில்லை, அவரை யார் ஓட்டுறாங்கங்கிறதுதான் விஷயம். நாங்க ரெண்டே பேர் ஆடுற குழு. எங்க டிஎம் ஒரு துணைக் கேரக்டரோட ஷீட்டை மேசையில வெச்சுட்டு, "இவளை நீங்களே ஓட்டுங்க, பேசுறது மட்டும் நான்"ன்னு சொல்லிட்டாங்க. சண்டையில அவ என்ன பண்ணணும்னு நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டோம். அது ஆட்டத்தைவிட சுவாரசியமா இருந்துச்சு.

இதுக்கு விதியே இருக்கு. 2019ல வந்த எசென்ஷியல்ஸ் கிட்டுல சைட்கிக் (துணைக் கேரக்டர்) விதிகள் கொடுத்தாங்க, 2020ல டாஷாஸ் கால்ட்ரன் புத்தகத்துல அதையே விரிவாக்கினாங்க. எக்ஸ்பர்ட், ஸ்பெல்காஸ்டர், வாரியர்னு மூணே வகை. ஷீட் பாதிப் பக்கம்தான் வரும்.

ஒரு ஆட்டக்காரியா இன்னொண்ணு. சின்னக் குழுன்னா எதெல்லாம் குறையுதுன்னே எல்லாரும் எழுதுறீங்க. கூடுறதைப் பத்தியும் யோசிங்க. அஞ்சு பேர் மேசையில என் முறை வர்றதுக்குள்ள நான் போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவேன். மூணு பேர்னா அதுக்கு நேரமே இருக்காது. ரோக் ஏன் ஊரை விட்டு ஓடிவந்தான்னு அவன்கிட்டயே கேக்க நேரம் கிடைக்கும். அதனால சண்டையைக் குறைச்சு ஊருக்குள்ள அரை மணி நேரம் விடுங்க. காணாமப் போனவங்கள்ல ஒருத்தர் ரேஞ்சரோட அண்ணன்னு வெச்சுப் பாருங்க, யாரும் போனைத் தொடமாட்டாங்க.

நத்தைமந்திரம்

எல்லாரும் எக்ஸ்பி கணக்குலேயே நிக்கிறோம். எனக்கு முதல்ல தோணுற கேள்வி வேற: அந்தக் கோப்ளின்களுக்கு என்ன வேணும்?

மூணாம்பகடை எழுதினதுல அது இல்லை. "வாசல்ல நாலு கோப்ளின்" அவ்வளவுதான். எதுவும் வேணாத கோப்ளின் சாகிற வரைக்கும் சண்டை போடும், ஏன்னா அதுக்கு வேற வேலை இல்லை. டிஎம்முக்கும் வேற வழி தெரியாது. அதே கோப்ளினுக்கு உள்ளே இருக்கிற ஓகரைப் பார்த்து நடுக்கம், தினம் ஒரு ஆட்டைக் கொண்டுபோய் அது முன்னாடி போடணும், இன்னைக்கு ஆடு கிடைக்கலைன்னு வெச்சுக்குங்க. இப்ப அது உங்க ஆட்களைப் பார்த்தா என்ன பண்ணும்? குதிரையைத் திருடப் பார்க்கும். பேரம் பேசும். ஒருத்தன் செத்தா மத்தவன் ஓடிடுவான். நாலு கோப்ளினையும் அப்படியே வெச்சுக்கலாம், டெட்லி ஆகாது.

எப்ப ஓடும்னு முடிவு பண்ண பழைய விதி ஒண்ணு இருக்கு. இதே ஆட்டத்தோட 1981 பேசிக் செட்டுல ஒவ்வொரு மிருகத்துக்கும் மொராலுன்னு (மன உறுதி) ஒரு எண். முதல் ஆள் விழுந்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை 2டி6 உருட்டணும். எண்ணைத் தாண்டினா ஓட்டம் அல்லது சரணாகதி. கோப்ளினுக்கு மொரால் 7. 2டி6ல 8ஓ அதுக்கு மேலயோ விழ 36க்கு 15, கிட்டத்தட்ட 42 சதவீதம். அதை அப்படியே 5ஆம் பதிப்புல கொண்டுவந்து வெச்சா ஒரு சிக்கலும் இல்லை.

மூணாம்பகடை

அட, ஆடு விஷயம் அருமை. எடுத்துக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். இவ்வளவு பண்ணியும் முதல் ரவுண்டுலேயே கிரிட்டிகல் (பகடையில 20, பலத்த அடி) விழுந்து விஸார்ட் போயிட்டான்னா? திரைக்குப் பின்னாடிதானே உருட்டுறேன், 20ஐ 12ன்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப் போகுது?

ஒத்தப்படை

உங்களுக்குத் தெரியும்.

திரையை எடுத்துடுங்க. எல்லாப் பகடையையும் நடு மேசையில உருட்டுங்க. நீங்க ஒரு தடவை மாத்தினா, அடுத்த தடவை ஒருத்தன் சாகும்போது "இவனை மட்டும் ஏன் காப்பாத்தலை"ங்கிற கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. மூணு பேர் இருக்கிற மேசையில இதை மறைக்கவும் முடியாது. உங்க மூஞ்சியைத்தான் மூணு பேரும் பார்த்துக்கிட்டிருப்பாங்க.

குகைக்காவல்

இதுல நான் ஒத்தப்படையோட ஒத்துப்போக மாட்டேன். லெவல் 1 தனி உலகம். கேரக்டரை உருவாக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தவன் ஆட்டம் தொடங்கிப் பத்தே நிமிஷத்துல ஒரு கோப்ளின் கிரிட்டிகல்ல வெளியே போனா அவன் அடுத்த வாரம் வரமாட்டான். புது ஆட்களோட முதல் செஷன்ல நான் திரைக்குப் பின்னாடிதான் உருட்டுவேன். லெவல் 3 ஆனதும் திரையை எடுத்துடுவேன். இதைப் பாவம்னு யாராச்சும் சொன்னா சொல்லிக்கட்டும்.

ஒத்தப்படை

அடுத்த வாரம் வரமாட்டான்னா முதல்லயே அவனுக்குச் சொல்லியிருக்கணும். "இந்த ஆட்டத்துல சாவு உண்டு, கையோட இன்னொரு கேரக்டரை எழுதி வெச்சுக்கோ." ஆட்டத்துக்கு முன்னாடி உட்கார்ந்து பேச செஷன் ஸீரோன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

சாவே பிடிக்கலைன்னா அதையும் மேசையில பேசி விதியா வையுங்க. "இந்த சாகசத்துல விழுந்தா சாகமாட்டீங்க, பிடிபடுவீங்க." எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. எனக்கு மறுப்பே இல்லை. ரகசியமா எண்ணை மாத்துறதுதான் ஆகாது.

நத்தைமந்திரம்

கோப்ளினுக்குத் தேவை ஓகருக்குப் போட ஒரு உயிர். விழுந்த விஸார்டைக் கொல்லாது, இழுத்துக்கிட்டுப் போகும். மீதி ரெண்டு பேருக்கும் ஓகர்கிட்டப் போக இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? பகடையைத் தொட வேண்டாம், விதியையும் மாத்த வேண்டாம்.

எண்ணெய்விளக்கு

செஷன் ஸீரோன்னதும் ஞாபகம் வந்தது. சாவு மட்டுமில்ல, வேற எது வேண்டாம்னும் கேட்டுடுங்க. எங்க மேசையில ஒருத்தருக்கு சிலந்தின்னா ஆகாது. சுரங்கக் கதையில சிலந்தி வராம இருக்குமா? ஒரு அட்டையில எக்ஸ் போட்டு நடுவுல வெச்சுடுவோம். யாராச்சும் தொட்டா அந்தக் காட்சியை அப்படியே தாண்டிப் போயிடுவோம், காரணம் கேக்கறதில்லை.

மூணாம்பகடை

சரி, எக்ஸ் அட்டையும் வைக்கிறேன். பகடை விஷயத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. "விழுந்தா இழுத்துக்கிட்டுப் போகும்"னு போறேன், திரை இல்லாம.

கடைசி சந்தேகம் நடுவுல இருக்கிற பூட்டின கதவு. ரோக் பூட்டைத் திறக்க உருட்டித் தோத்துட்டா? டிசி (ஜெயிக்கத் தேவையான எண்) 15 வெச்சிருக்கேன்.

குகைக்காவல்

ரோக்குக்கு டெக்ஸ் (லாவகம்) +3, ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) +2, மொத்தம் +5ன்னா 10 விழணும், 55 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட பாதி மேசைகள்ல உங்க கதை அந்தக் கதவு முன்னாடியே நின்னுடும்.

கதை முன்னாடி போயே ஆகணும்னா அங்க "திறக்குமா திறக்காதா"ன்னு உருட்டச் சொல்லாதீங்க. திறக்கும். ஜெயிச்சா சத்தமில்லாம, தோத்தா சத்தத்தோட, உள்ளே ஓகர் முழிச்சிருக்கும். தகவலும் அப்படித்தான். ஓகர் உள்ளே இருக்குன்னு தெரிய ஒரே ஒரு துப்பை வெச்சு அதையும் பகடைக்குள்ள பூட்டிடாதீங்க. மூணு இடத்துல வையுங்க: வாசல்ல ஆட்டு எலும்பு, ஊர்ல ஒரு கிழவி பேச்சு, பிடிபட்ட கோப்ளின் வாய். மூணுல ஒண்ணைத்தான் கண்டுபிடிப்பாங்க, அது போதும்.

நத்தைமந்திரம்

2012ல வந்த டன்ஜன் வேர்ல்டுங்கிற இன்னொரு ஆட்டத்துல இது விதியாவே இருக்கு. 2டி6, 10ஓ அதுக்கு மேலயோ முழு வெற்றி, 7லேருந்து 9 வரைக்கும் வெற்றிதான் ஆனா ஒரு விலை உண்டு, 6ஓ அதுக்குக் கீழயோ டிஎம் கையில. போனஸ் +1 இருந்தா அந்த நடுப் படி மட்டுமே 44 சதவீதம். ஆட்டமே அந்தப் படியிலதான் ஓடும். 5ஆம் பதிப்பு ஆடும்போதும் எனக்கு அந்த நினைப்பு போறதில்லை.

செங்கல்கோட்டை

ரொம்ப நாளா படிக்கிறேன், இப்பத்தான் எழுதறேன். நேரத்தைப் பத்தி யாருமே சொல்லலை. மூணு மணி நேரம்னா ரெண்டரைன்னு வெச்சுக்குங்க. ஊர்ல அரை மணி, வாசல் நாற்பது நிமிஷம், கதவும் நடுப்பகுதியும் அரை மணி, ஓகர் நாற்பது, மீதி சும்மா பேச்சு. ரெண்டு மணி நேரம் ஆகியும் கதவைத் தாண்டலைன்னா ஓகரை வெளியே வரவழைச்சிடுங்க. அது உள்ளேதான் இருக்கணும்னு யாரும் எழுதி வைக்கலை.

நான் மேசைக்கு எடுத்துட்டுப் போறது ஒரே பக்கம். என்பிசி பேரு பத்து, மிருகங்களோட ஏசியும் எச்பியும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாசனை அல்லது சத்தம். வர்ணனைப் பத்தி எழுதிப் படிக்கிறதில்லை, மூணாவது வரியிலேயே கவனம் போயிடும். புத்தகம் வாங்காத நண்பர்களுக்கு எஸ்ஆர்டி 5.1 (அடிப்படை விதித் தொகுப்பு) கொடுங்க. 2023லேருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இலவசம், கோப்ளினும் ஓகரும் அதுலயே இருக்கு.

மூணாம்பகடை

ஆடியாச்சு! மூணேகால் மணி நேரம். ஓகரைப் பார்க்கவே இல்லை, அதைப் பின்னாடி சொல்றேன்.

வாசல்ல மூணு கோப்ளினை வெச்சேன் (குகைக்காவல் மன்னிக்கணும், ஆனா ஓடுறதுக்குன்னே வெச்ச கோப்ளின்கள்). ரோக் பதுங்கிப் போனான், 6 விழுந்துச்சு, மாட்டிக்கிட்டான். முதல் ரவுண்டுலேயே ஒரு அடி, 9 எச்பி 4 ஆச்சு. மூணு கோப்ளினும் அவனைச் சுத்தி. விஸார்ட் ஸ்லீப் போட்டான். அந்த மந்திரம் 5டி8 எச்பி அளவுக்குத் தூங்க வைக்கும், எச்பி குறைவா இருக்கிறவங்க முதல்ல. 5டி8ல 23 விழுந்தது. கோப்ளினுக்குத் தலா 7. "மூணும் காலி!"ன்னு விஸார்ட் குதிச்சான். நான் மெதுவா, "அந்த வட்டத்துல யாருக்கு எச்பி கம்மி?"ன்னு கேட்டேன்.

ரோக்குக்கு 4. முதல்ல தூங்கினது அவன்தான். அப்புறம் ரெண்டு கோப்ளின், மொத்தம் 18. மீதி 5. மூணாவது கோப்ளினுக்கு 7 வேணும். அது முழிச்சுக்கிட்டு நிக்குது, சுத்தி மூணு பேர் குறட்டை. மொராலுக்கு எல்லார் கண் முன்னாடியும் உருட்டினேன், 9. கத்தியைக் கீழே போட்டுட்டு உட்கார்ந்துடுச்சு.

அதுக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்தக் கோப்ளினோட பேச்சுதான். ஆடு கதை வெளியே வந்துச்சு. ரேஞ்சர், "நாங்க ஆடு தர்றோம், நீ உள்ளே கூட்டிக்கிட்டுப் போ"ன்னான். ஒரு கட்டத்துல ரோக் எழுந்து உட்கார்ந்து "என்னாச்சு?"ன்னு கேட்டான், யாரும் பதிலே சொல்லலை. கதவு வரைக்கும் போய் நிறுத்தியாச்சு. ஓகர் அடுத்த வாரம்.

இப்ப ரெண்டு பிரச்சினை. கோப்ளினை விடமாட்டேங்கிறாங்க, பேரு வேற வெச்சுட்டாங்க. அடுத்த வாரம் ரேஞ்சர் வரமுடியாதாம்.

எண்ணெய்விளக்கு

ரோக்கை யாருமே எழுப்பலையா? பாவம். ஒரு ஆக்‌ஷன் செலவு பண்ணி உலுக்கினா போதுமே.

மூணுல ஒருத்தர் வரலைன்னா ரெண்டு பேரை வெச்சு ஓகர்கிட்ட போகாதீங்க. ஆட்டை எங்கிருந்து பிடிக்கிறதுங்கிறதே ஒரு செஷன்தான். விஸார்டும் ரோக்கும் ஊருக்குத் திரும்பி ஒரு ஆட்டைத் திருடட்டும். ரேஞ்சர் கதவுக்குக் காவல். அண்ணனைத் தேடி வந்தவன் வாசலை விட்டு நகரமாட்டான், யாரும் காரணமும் கேக்கமாட்டாங்க.

குகைக்காவல்

ரெண்டு பேர்னா இன்னொண்ணைக் கவனிங்க. குழுவுல மூணுக்குக் குறைவா இருந்தா அந்தப் பெருக்கல் ஒரு படி ஏறும். ஒத்தை மிருகத்துக்கே ஒன்றரை. ஓகர் 675 ஆயிடும். ரெண்டு லெவல் 2 ஆட்களுக்கு டெட்லியே 400தான். எண்ணெய்விளக்கு சொல்ற ஆட்டுத் திருட்டே சரி.

நத்தைமந்திரம்

கோப்ளினை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க. சைட்கிக் ஆக சேலஞ்ச் ரேட்டிங் (மிருகத்தோட பலத்துக்கான எண்) அரையோ அதுக்குக் கீழயோ இருக்கணும். கோப்ளினுக்கு அது கால்தான் (1/4). எக்ஸ்பர்ட் வகை பொருந்தும்.

ஒத்தப்படை

ஷீட் அவங்க கையில இருந்தா எனக்கும் சம்மதம். ஓகர் முதல்ல யாரை அடிக்கும்னு பகடை உருட்டி முடிவு பண்ணுங்க, அதையும் நடு மேசையில. கோப்ளினுக்கும் ஒரு எண் ஒதுக்குங்க.

மூணாம்பகடை

அது 7 எச்பிங்க. ஓகரோட ஒரு அடியைத் தாங்காது. ரோக் ஆடுறவன் அதுக்கு இப்பவே தன்னோட போஷனைக் கொடுத்து வெச்சிருக்கான்.